விளக்குக் கம்பத்துக் கூடை

உட்காருங்க சார். அந்த ஓரம் வேணாம், பனி பேஞ்சு ஈரமா இருக்கும். இப்படி என் பக்கம் வாங்க, துண்டை விரிக்கிறேன். அட பரவாயில்ல சார், ஷட்டில் ஆடறவன் பையில எப்பவும் ரெண்டு துண்டு இருக்கும். ஒண்ணு முகம் துடைக்க, ஒண்ணு இப்படி மனுஷங்களை உட்கார வைக்க. இப்ப முகம் துடைக்கிறதுக்கு வேலையே இல்ல. வேர்த்தாத்தானே துடைக்கிறதுக்கு.

அங்க பாருங்க. அதைக் காட்டத்தான் உங்களைக் காலங்காத்தால இழுத்துட்டு வந்தேன். உங்களுக்குத் தெரியாத ஆளா, நீங்க குடியிருக்கறதே அவங்க மாடியிலதானே. கனகவல்லி அம்மா. கோர்ட்டுக்குள்ள, நெட் கட்டற இடத்துக்கு ரெண்டடி தள்ளி, இடது பக்கக் கோட்டு மேல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்காங்க பாருங்க. வீட்டுல இருந்து அவங்களே தூக்கிட்டு வராங்க. விடியறதுக்கு முன்னாடி வந்துடறாங்க. ஒரு ஸ்கூல் ஆபீசுல வேலை, அதுக்குக் கிளம்பற நேரம் ஆனா எந்திரிச்சுப் போறாங்க. மழை வந்தா குடை. போன பொங்கல் முடிஞ்சு, அவங்க புருஷன் மாசிலாமணிக்குக் காரியம் பண்ணின மறுநாள் ஆரம்பிச்சது. இதோ அடுத்த பொங்கல் வரப் போகுது. தலைத்திவசமே வந்துடுச்சு, இன்னும் எந்திரிக்கல.

சத்தமா பேசலாம் சார், இங்கேருந்து அவங்களுக்குக் கேக்காது. கேட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

நீங்க செல்லியம்மன் நகருக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. இந்தக் கோர்ட்டோட அருமை உங்களுக்குத் தெரியாது. பூங்காவுக்குன்னு விட்ட இடம் சார் இது. நாங்க வீடு கட்டி வந்தப்ப முள்ளுச்செடியும் உடைஞ்ச டைல்ஸும்தான் கிடந்துச்சு. பன்னி மேஞ்சுட்டு இருந்துச்சு. நான்தான் வீடு வீடாப் போய்ப் பேசினேன். நாம சும்மா பேசற ஆள் இல்ல, மருந்துக் கம்பெனியில ரெப்பா சேர்ந்து ஏரியா மேனேஜரா ரிட்டயர் ஆனவன். முகத்தைச் சுளிக்கிற டாக்டரையே சிரிக்க வச்சு ஆர்டர் வாங்கினவனுக்கு, நாலு வீட்டு ஆளுங்களைச் சம்மதிக்க வைக்கிறது ஒரு பெரிய விஷயமா? சிமெண்ட் போட்டோம், கோடு போட்டோம், லைட் போட்டோம். காலையில வந்து பாத்தா திருவிழா மாதிரி இருக்கும். ரெண்டு ஜோடி உள்ள, நாலு ஜோடி வெளிய. தோத்தா வெளிய வந்து உட்காரணும், ஜெயிச்சா உள்ள நிக்கலாம்.

எங்க ஜோடிதான் நிக்கும். நானும் மாசிலாமணியும். தணிகாசலம் - மாசின்னு சொன்னா ஏரியாவுல தெரியாதவங்க கிடையாது. பின்னாடி நான், நெட்டுகிட்ட மாசி. லேத்துப் பட்டறை வச்சிருந்தான், கை ரெண்டும் இரும்பு. ஆனா வாயைத் திறக்க மாட்டான். நான் சொல்றதைச் செய்வான். 'முன்னாடி'ன்னா முன்னாடி, 'விடு'ன்னா விட்டுடுவான். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அப்படி ஒரு பார்ட்னர் கிடைக்கறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும் சார்.

அந்த லைட் கம்பத்துல ஒரு ஒயர் கூடை தொங்குதே, பாத்தீங்களா? பச்சையும் வெள்ளையும். என் வீட்டுக்காரி பின்னினது. அது போன் கூடை. நான் கொண்டு வந்த ரூல் அது. முன்னெல்லாம் ஆட்டம் நடந்துட்டு இருக்கும், இந்தா வந்துடறேன்னு ஒருத்தன் போனை எடுத்துட்டு ஓரமா போவான். அங்க நின்னு மனை விலை பேசுவான். மத்த மூணு பேரும் பேட்டைப் பிடிச்சுக்கிட்டு வானத்தைப் பாக்கணும். ஒருநாள் எனக்குக் கோவம் வந்துடுச்சு. மறுநாளே கூடையைக் கட்டிட்டேன். கோர்ட்டுக்குள்ள இறங்கற எவனா இருந்தாலும் போன் கூடைக்குள்ள. செட் முடியற வரைக்கும் தொடக்கூடாது. தொட்டா அந்த ஜோடி அவுட். முதல்ல முணுமுணுத்தாங்க. அப்புறம் பக்கத்து நகர்க்காரங்களே வந்து பாத்து, நல்ல ஐடியாவா இருக்கேன்னு அவங்க கோர்ட்டுலயும் கட்டினாங்க. ஒழுங்குன்னா என்னன்னு இந்த நகருக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தக் கூடைதான்.

இப்ப யாரு இருக்கா சொல்லுங்க. எல்லாரும் ராணி அவென்யூவுக்குப் போயிட்டாங்க. அந்த அடுக்குமாடிக்காரங்க உள்ளரங்கு கோர்ட் கட்டியிருக்காங்க, மரத்தரை, பெரிய பெரிய லைட்டு. போங்கடான்னு விட்டுட்டேன். நான் போவேனா? ஜெயிச்ச ஊருல போய் கை கட்டி நிக்கிறதா? தினமும் வரேன். பையை எடுத்துட்டு வந்து இங்க உட்கார்றேன். அவங்க அங்க, நான் இங்க. வாக்கிங் போறவன் எல்லாம் ஒரு மாதிரியா பாத்துட்டுப் போறான்.

முதல்ல நாங்க விடல சார், ஆடிப் பாத்தோம். அவங்களைச் சுத்தி ஆடினோம். ஷட்டில் காக் போய் அவங்க தோள்ல பட்டுச்சு. அவங்க அதை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. இன்னொண்ணு போச்சு, அதையும் எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. திருப்பித் தரல. மூணாவது காக் எடுக்க யாருக்கும் கை வரல. போலீசைக் கூப்பிட்டேன். வந்த ஏட்டு பாத்துட்டு, பூங்காவுல ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கு, இதுல நான் யாரைப் பிடிக்கிறதுன்னு கேட்டுட்டு என் காசுல டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு.

நீங்க காலேஜ்ல பாடம் எடுக்கறவரு. தன்மையா பேசறீங்க. மாடியில இருக்கறவரு சொன்னா கேப்பாங்க. டோர்னமென்ட் வருது சார். இந்த வருஷம் நம்ம கோர்ட்டுல நடத்தலைன்னா ராணி அவென்யூக்காரன் எடுத்துக்குவான். அப்புறம் இது கோர்ட் இல்ல, மறுபடியும் பன்னி மேயற இடம்தான். எனக்கு வேற என்ன சார் இருக்கு? பிள்ளை வெளிநாட்டுல. வீட்டுக்காரி டிவி முன்னாடி. எனக்கு இருக்கறது இந்த நாலு கோடுதான்.

என்ன கேக்கறாங்களா? அதை ஏன் கேக்கறீங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. நானும் பொறுமையா பதில் சொல்லிட்டேன். 'நான் போன் பண்ணப்ப அவர் உயிரோட இருந்தாரா?' இதான். இதைத்தான் கேக்கறாங்க. 'உண்மையைச் சொல்லுங்கண்ணா, நாற்காலியை எடுத்துட்டுப் போயிடறேன்'னு சொல்றாங்க. இதென்ன கேள்வி சார்? போன மனுஷன் போயிட்டான். இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

நடந்ததை முழுசா சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

போன பொங்கல் டோர்னமென்ட். ஃபைனல். எதிர்ல ராணி அவென்யூ ஜோடி, ரெண்டு கம்ப்யூட்டர் கம்பெனிப் பசங்க. ஷூவைப் பாத்தாலே கண்ணு கூசும். டாஸ் போடறப்ப ஒருத்தன் சொல்றான், 'அங்கிள், மெதுவாவே ஆடறோம், பயப்படாதீங்க'ன்னு. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. எனக்கு எப்படி இருக்கும்? மாசிகிட்ட சொன்னேன், 'டேய், இன்னிக்கு இவனுங்களை விடக்கூடாது'ன்னு. அவன் தலையை ஆட்டினான்.

முதல் செட் போச்சு. ரெண்டாவதை எடுத்தோம். நடுவுல கொஞ்சம் ஓய்வு. மாசி இதோ இந்த பெஞ்சுல, நீங்க உட்கார்ந்திருக்கற இடத்துலதான் உட்கார்ந்து இடது கையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தான். 'என்னடா?'ன்னேன். 'காலையில இருந்தே கை வலிக்குதுண்ணே. இப்ப நெஞ்சுல என்னமோ வச்சு அழுத்தற மாதிரி இருக்கு'ன்னான். 'ராத்திரி என்ன சாப்பிட்ட?' 'பரோட்டா.' அவ்வளவுதான், எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாய்வு. முப்பது வருஷம் டாக்டருங்க வாசல்ல நின்னவன் சார், எது வாய்வு எது வாய்வு இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நான் வித்த சரக்கே அதுதானே, வயித்து மருந்து. பையில எப்பவும் ஒரு அட்டை இருக்கும், இதோ இப்பக்கூட இருக்கு பாருங்க. ரெண்டு மாத்திரை கொடுத்தேன், சோடா வாங்கிட்டு வரச் சொல்லிக் குடிக்க வச்சேன். ஏப்பம் விட்டான். பாத்தியா, ஏப்பம் வந்துடுச்சு, சரியாப் போச்சுன்னு சொல்லி எழுப்பினேன். கூடப்பிறந்தவன்கூட அப்படிப் பாத்துக்க மாட்டான். இதையெல்லாம் அந்தம்மா யோசிச்சுப் பாக்கலை.

மூணாவது செட்டு. நல்லாத்தான் ஆடினான். கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். பாதியில கூடைக்குள்ள இருந்து குயில் கூவுது. மாசி போன் சார். அவன் போன்ல குயில் கூவற சத்தம்தான் வச்சிருப்பான், எல்லாருக்கும் தெரியும். அவன் திரும்பிக் கம்பத்தைப் பாக்கறான். 'அண்ணே, கனகாவா இருக்கும். கை வலின்னு சொல்லிட்டு வந்தேன், அதான் கூப்பிடறா. ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்'ன்னான். நான், 'செட் முடியட்டும்'னேன். வேற என்ன சொல்ல முடியும்? அவன் போனைத் தொட்டா நாங்க அவுட். அந்தப் பசங்க சும்மா இருப்பானுங்களா? ரூல் போட்டவனே மீறினா ஊர் என்ன பேசும்?

மறுபடி கூவுச்சு. மறுபடியும் அவன் பாத்தான். கேக்கல, பாத்தான் அவ்வளவுதான். நான் சர்வீஸ் போடச் சொன்னேன், போட்டான்.

எத்தனை தடவை அடிச்சுதுன்னா? நாலு தடவைன்னு அந்தம்மா சொல்றாங்க. இருக்கும். ஆட்டத்துல இருக்கறவன் எண்ணிக்கிட்டா இருப்பான்?

ஆமா சார், அப்பல்லாம் நல்லா பேசிக்கிட்டுத்தான் இருந்தான். அதான் சொல்றேனே. கிட்ட வந்து, 'அண்ணே, உக்காரணும் போல இருக்கு'ன்னான். முகமெல்லாம் வேர்வை. எல்லாருக்கும்தான் வேர்க்குது, எனக்கும்தான் வேர்த்துச்சு. 'இன்னும் நாலே பாயிண்ட்டுடா'ன்னேன். 'நீ நகரவே வேணாம். நெட்டுகிட்ட சும்மா நில்லு, கோர்ட் முழுக்க நான் பாத்துக்கறேன்.' சொன்ன மாதிரியே பாத்துக்கிட்டேன் சார். அறுபது வயசுக்கு மேல ஒருத்தன், ரெண்டு எளவட்டப் பசங்களை எதிர்த்துத் தனியா கோர்ட் முழுக்க ஓடறேன். மாசி கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நெட் கம்பத்தை. சனம் மொத்தமும் வாயைப் பொளந்துட்டுப் பாக்குது. என் வாழ்க்கையில அப்படி ஒரு ஆட்டம் அதுக்கு முன்னாடி ஆடினதில்ல. இனிமேலும் ஆட முடியாது.

கடைசி பாயிண்ட் மாசிதான். காக் அவன் முன்னாடியே வந்துச்சு. நின்ன இடத்துல இருந்து பேட்டை லேசா நீட்டினான். அந்தப் பக்கம் செத்து விழுந்துச்சு. ஜெயிச்சாச்சு.

பசங்க உள்ள ஓடி வந்து என்னைத் தூக்கிட்டாங்க சார். தோள் மேல உட்கார வச்சு சுத்தறாங்க. மேல இருந்து பாக்கறேன், மாசி கோட்டு மேல உட்கார்ந்திருக்கான். அந்த நாற்காலி இருக்கே, அதே இடம். என்னைப் பாத்துக் கையைத் தூக்கினான். காதுகிட்ட கையை வச்சுக் காட்டினான். போன் வேணும்கறான். நான், 'இருடா, போட்டோ எடுத்துட்டு வரேன்'னு சொல்லிக் கையைக் காட்டினேன். செட் முடிஞ்சாச்சு, இனிமே அவன் எடுத்துக்கலாமே, யாரு தடுத்தா? அவன் எந்திரிக்கல. அவ்வளவுதான். அப்பவும் குயில் கூவிக்கிட்டு இருந்துச்சுன்னு டீக்கடைக்காரன் சொல்றான். எனக்குக் கேக்கல, அவ்வளவு கைத்தட்டல்.

போட்டோ எடுத்தோம். ஷீல்டோட. அதுல மாசி என் காலடியில உட்கார்ந்து கம்பத்துல சாய்ஞ்சிருக்கான், சிரிக்கிற மாதிரிதான் தெரியுது. போட்டோ எடுத்து முடிச்சு, எந்திரிடா மாப்பிள்ளைன்னு தோளைத் தொட்டேன். சாய்ஞ்சுட்டான். ஆட்டோவுல போட்டுத் தூக்கிட்டு ஓடினோம், ஆஸ்பத்திரி வாசல்லயே பாத்துட்டுக் கையை விரிச்சுட்டாங்க.

ஜெயிச்ச கோர்ட்டுல உயிர் போச்சு சார். யாருக்குக் கிடைக்கும் அப்படி?

அந்தம்மாகிட்ட நான் என்ன சொல்லியிருக்கணும் சொல்லுங்க. நெஞ்சு வலின்னான், போன் கேட்டான், உக்காரணும்னான்னு சொல்லணுமா? கேட்டா அவங்க மனசு தாங்குமா? நல்ல மனசோடதான் சொன்னேன். 'ஷாட் அடிச்சாரும்மா, விழுந்தாரு, ஒரு நொடி. வலியே இல்ல. நீங்க போன் பண்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு'ன்னு. மத்தவங்க ஆளுக்கு ஒண்ணு உளறிடக் கூடாதேன்னு எல்லாரையும் இங்க கூப்பிட்டு, இதையே சொல்லணும்னு சொல்லி வச்சேன். அவங்களும் போய் அப்படியே சொன்னாங்க. அதுலயும் குத்தம் கண்டுபிடிச்சாங்க சார். 'பத்து வீட்டுல கேட்டேன், பத்து பேரும் ஒரே வார்த்தையைச் சொல்றாங்களேண்ணா'ன்னாங்க. ஒரே விஷயம் நடந்தா ஒரே வார்த்தையைத்தானே சொல்லுவாங்க?

அவன் நினைவா கோப்பைக்கு அவன் பேரையே வைக்கலாம்னேன். மாசிலாமணி நினைவுச் சுழற்கோப்பை. யாரு பண்ணுவா? நேர்ல போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திட்டாங்க. எனக்கும் வருத்தம் இருக்காதா சார்? என் ஜோடி போயிட்டான். அவன் இல்லாம ஒரு நாள்கூட நான் சரியா பேட் பிடிச்சதில்ல. நைட்டு தூக்கத்துல 'முன்னாடி'ன்னு கத்தறேனாம், வீட்டுக்காரி சொல்றா. என் துக்கத்தை யாரு கேக்கறா? நான் எங்க நாற்காலி போட்டு உட்கார்றது?

அந்தம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. புருஷன் போன துக்கம், புத்தி கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். ஆனா ஊருல ஒரு நல்ல காரியத்தை நிறுத்தி வைக்கலாமா? அதை மட்டும் நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லணும். என்ன சார், எந்திரிச்சுட்டீங்க? இப்பவே போறீங்களா?

போங்க போங்க, நல்லதுதான். சூட்டோட சூடா பேசிடுங்க. நீங்க நல்ல மனுஷன்னு பாத்ததுமே நினைச்சேன். துண்டை விடுங்க, நான் மடிச்சுக்கறேன்.

அப்படித்தான், பக்கத்துல போங்க. குனிஞ்சு பேசுங்க, அவங்களுக்குச் சத்தமா பேசினாப் பிடிக்காது. பரவாயில்லையே, தரையில உட்கார்ந்தே பேசறாரே. நாம இத்தனை நாளா நின்னுக்கிட்டே பேசினோம், அதான் எடுபடல போல.

சார், சுருக்கமா சொல்லுங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு போயிடப் போறாங்க.

அட. எந்திரிச்சுட்டாங்க. ஒரு வருஷமா போலீசு வந்து ஆகாதது. படிச்சவங்க பேச்சே தனிதான். மடியிலேருந்து என்னத்தையோ எடுக்கறாங்களே. காக். அன்னிக்குப் போன ரெண்டு காக். இத்தனை நாளா வச்சிருந்தாங்களா? திருப்பிக் கொடுக்கத்தான் வராங்க போல, இந்தப் பக்கமாத்தான் வராங்க. வரட்டும், வரட்டும். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல.

சார், நீங்க அங்கேயே நின்னு என்ன பண்றீங்க? அந்த நாற்காலியை மட்டும் எடுத்து ஓரமாப் போட்டுருங்க, நான் நெட்டைக் கட்டிடறேன். வெயில் ஏறறதுக்குள்ள ஒரு ஆட்டம் பாத்துடலாம். பின்னாடி நான், நெட்டுகிட்ட நீங்க. வரும்போது உங்க போனைக் கூடையில போட்டுட்டு வாங்க.